லினக்ஸில் புதியவர்க்கு வேலை

‘ஏதேனும் வேலை கொடுங்கள்’ என்று எழுதிவிட்டுக் காத்திருக்கும் வாலிபர்கள் ஏமாற்றமே அடைவர். 1991-ஆம் வருஷத்தில் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காய்த் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளத்தின் மூலநிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம். அங்கே வேலையைக் கேட்டுப் பெறுவதில்லை. கண்டு எடுத்துக்கொள்வதே வழக்கம். விளக்கவுரையில் பிழை கண்டால் திருத்துக. காரணத்தைச் சுருக்கமாய் எழுதி, அப்பகுதியைப் பராமரிப்பவருக்கு மின்னஞ்சலில் அனுப்புக. பெயரொப்பம் அவசியம். அனுப்பும் உரிமை தமக்குண்டென்னும் பிரமாணமே அவ்வொப்பம். 2004 முதல் உள்ள இவ்வேற்பாடு வக்கீலாகிய நமக்கு மிகவும் உவப்பானது!

முதல் திருத்தம் பெரும்பாலும் குறை கூறப்பட்டுத் திரும்பிவரும். அதை அவமானமென்றெண்ணி ஒதுங்கியவர் எத்தனை பேர்! தேர்ந்தவர் அனுப்புவதும் அவ்வாறு திரும்புவதுண்டு. மறுபடியும் திருத்தி அனுப்ப வேண்டியதுதான். நிரலெழுத அறியாதார், பழுது எந்தப் பதிப்பில், என்ன செய்கையில் நேர்ந்ததென்று தெரிவிக்கலாம். ‘ஓடவில்லை’ என்று மட்டும் எழுதினால் எவருக்கும் பயனில்லை.