சாதாரணப் பார்வையாளனின் தீர்ப்பு

திரைப்படம் முடிந்து படமாளிகையின் கதவுகள் திறக்கப்படுங்கால், வெளியே காத்து நிற்போர் உள்ளிருந்து வருவோரிடம் வினவுவது ஒன்றே: "படம் எப்படி?" அதற்குக் கிடைக்கும் விடையும் பெரும்பாலும் ஒரு சொல்லளவே. "நல்ல படம்" என்பர். அன்றேல் "காசு நட்டம்" என்பர். அச்சொல் மறுநாட் காலையிற் சந்தைக்கும் கந்தோருக்கும் பாடசாலைக்கும் போய்ச் சேர்கின்றது. விமர்சகர் எழுதுவதை வாசிப்போர் சிலர். அயலவன் சொல்வதைக் கேட்போர் பலர். ஆதலின், ஒரு படம் ஓடுவதையும் ஓடாது வீழ்வதையும் முடிவு செய்வோன் சாதாரணப் பார்வையாளனே எனல் மிகையாகாது. இத்துணை வலிமை வாய்ந்த அவன் கருத்து எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பது ஆராயத்தக்கது.

காண்போனை மதித்தல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் நீள அகலங்களைக் கூறுவதோடு அமையாது, தூண்களின் நிழல் உள்ளே விழாதவாறு விளக்கு நிறுத்தப்பட்டமையையும் கூறுகின்றது. காண்போர் கண்ணுக்கு இடையூறு நேராதிருத்தல் வேண்டும் என்பதில் அக்காலத்து அரங்கமைப்போர் இவ்வளவு அக்கறை கொண்டனர். கலைஞன் அவ்வாறு அக்கறை கொள்ளும்போது, காண்போனும் தன் பங்குக்குச் சிறிது அக்கறை கொள்ளக் கடமைப்பட்டவனாகின்றான்.

அக்கடமையின் முதற்படி, விருப்பத்தையும் மதிப்பீட்டையும் வேறுபிரித்து அறிதலாகும். பாகற்காய்க் கறி ஒருவருக்குப் பிடிக்கும், மற்றொருவருக்குப் பிடியாது. அதற்குக் காரணம் கேட்பாரில்லை. "எனக்குப் பிடிக்கவில்லை" என்று ஒருவர் கூறினால், அது அவர் நாவைப் பற்றிய செய்தி. அதனை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால், "கறி கூடாது" என்று அவர் கூறுவாராயின், பேச்சு நாவை விட்டுக் கறிக்குச் சென்றுவிடுகின்றது. உப்பு மிகுந்ததா, புளி குறைந்ததா, அடிப்பிடித்ததா என்று அவர் காட்டியே ஆகவேண்டும். கலையைப் பற்றிய பேச்சிலும் நிலைமை இதுவே. தமக்குப் பிடியாததெல்லாம் தீயதென்றும், பிடித்ததெல்லாம் சிறந்ததென்றும் கொள்வோர் தம்மையறியாமலே பிறர்க்குத் தீங்கு செய்துவிடுதல் கூடும்.

அத்தீங்கு எத்தகையது என்பதை இலங்கைத் திரைப்பட வரலாறு காட்டுகின்றது. முதலாவது சிங்களப் பேசும் படமாகிய 'கடவுனு பொறொந்துவ' 1947 இல் வெளிவந்தது. அதுவும், அதனைத் தொடர்ந்து வந்த படங்களிற் பலவும் தென்னிந்தியக் கலையகங்களில் எடுக்கப்பட்டவை. பாட்டு, நடனம், நகைச்சுவை என்பனவும் தென்னிந்தியப் படங்களின் முறையைப் பின்பற்றியனவே. 1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், கலையகச் சுவர்களை விட்டு வெளியேறி, கிராமத்து வெயிலிலும் வயல்வெளியிலும் 'ரேகாவ' என்னும் படத்தை எடுத்தார். 1957 இல் அது பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவிற் காட்டப்பெற்றது. தாய்நாட்டிலோ வசூலில் தோல்வியுற்றது. அவ்வியக்குநர் தளராது முயன்றமையால், அவருடைய 'கம்பெரலிய' 1965 இல் புதுடில்லி அனைத்துலகத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருதைப் பெற்றது. 'ரேகாவ' இன்று சிங்களத் திரைப்படத்தின் திருப்புமுனையாகப் போற்றப்படுகின்றது.

தமிழ்ப் படத்துக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. 1977 இல் தர்மசேன பத்திராஜவின் இயக்கத்தில் 'பொன்மணி' வெளிவந்தது. யாழ்ப்பாணச் சமூகத்தின் சீதனக் கொடுமையையும் சாதித் தடைகளையும் ஆரவாரமின்றிக் காட்டிய படம் அது. அறிஞர் பாராட்டினர், படமோ வசூலிற் தோற்றது. தோல்விக்குக் காரணங்கள் பல இருக்கலாம். எனினும், வேறொரு வகைப் படத்துக்குரிய அளவுகோல் இதற்கும் வைக்கப்பட்டமை அவற்றுள் ஒன்றெனக் கொள்வதில் தவறில்லை. 1952 இல் வந்த 'பராசக்தி'யின் ஆற்றல் அதன் வசனத்தில் இருந்தது. அவ்வாற்றலை வசனத்திலே தேடுதல் முறை. ஆனால், முகத்தின் வாட்டத்தாலும் மௌனத்தாலும் பேசவந்த படத்தில் வசன முழக்கத்தைத் தேடுவோன், நெல்லளக்கும் கொத்தினாற் சேலையை அளக்க முயல்வோனுக்கு ஒப்பாவான்.

தொலைக்காட்சி நாடகத்துக்கும் இவ்விதி பொருந்தும். இலங்கையில் தொலைக்காட்சி 1979 இல் தொடங்கியது. 1982 இல் ரூபவாஹினி ஒளிபரப்பை ஆரம்பித்தது. திரைப்படம் இருண்ட மண்டபத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். தொடர் நாடகமோ அடுப்பங்கரைக்கும் படிக்கும் மேசைக்கும் இடையே, நாட்கணக்காய் வீட்டினுள் வந்து போவது. அது மெல்ல நடப்பதைக் குற்றமாகக் கூறுதல் முறையன்று. பாத்திரங்கள் காலப்போக்கில் வளர்கின்றனவா, அன்றி ஒரே அழுகையும் ஒரே சூழ்ச்சியும் நாளுக்கொரு உடையில் மீண்டும் மீண்டும் வருகின்றனவா என்பதே நோக்கத்தக்கது. மறுநாளும் பார்க்கச் செய்வது கதையின் தேவையா, இறுதிக் கணத்தில் வலிந்து போடப்பட்ட முடிச்சா என்பதும் வினவத்தக்கது.

இசைத்தொகுப்பின் நிலை இன்னும் நுட்பமானது. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். 1948 இல் நெடுநேர இசைத்தட்டு வந்தபின், பல உருப்படிகளை ஒழுங்குபட அடுக்கி ஒரு முழுமையாக அளிக்கும் வாய்ப்பு விரிந்தது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986 இல் வந்தது. தியாகராசருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் அதனை அவர் காணிக்கையாக்கினார். 2005 இல் அவருடைய 'திருவாசகம்' வெளிவந்தது. இவற்றுட் சினிமாப் பாட்டின் பல்லவியைத் தேடுவோன் ஏமாறுவான். மறுபுறம், ஏ. ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' போன்ற பொப்பிசைப் பாடலிற் கீர்த்தனையின் கனத்தைத் தேடுவோனும் ஏமாறுவான். ஆடி மகிழ எழுந்த பாட்டு ஆடி மகிழச் செய்ததா என்பதே அதற்குரிய கேள்வி.

ஜெர்மானியப் பெரும்புலவர் கேத்தே, ஆக்கமுள்ள விமர்சனம் கேட்கவேண்டிய கேள்விகளை வகுத்துரைத்தார். ஆசிரியன் எதனைச் செய்ய எண்ணினான்? அவ்வெண்ணம் தக்கதா? அதனை எவ்வளவுக்கு நிறைவேற்றினான்? இம்மூன்றையும் கேட்பதற்குப் பட்டமோ பாண்டித்தியமோ வேண்டுவதில்லை. முச்சக்கர வண்டி ஓட்டுபவரும் தேயிலைக் கொழுந்து பறிப்பவரும் கேட்கலாம். அவர்தம் விடை விமர்சகரின் விடைக்கு முரண்படுதலும் கூடும். கிராமத்தை அறியாதார் எடுத்த கிராமப் படத்தின் பொய்ம்மையை முதலிற் கண்டுபிடிப்போர் கிராமத்தவரே யன்றோ!

பெரிய நாடுகளில் ஒரு படம் வீழ்ந்தால் வேறு பத்து எழும். இலங்கைத் தமிழ்ப் படம் போன்ற சிறு துறையில் ஒன்று வீழ்ந்தால் அடுத்ததற்கு முதலிட முன்வருவோர் அருகிவிடுவர். முற்காலத்து ஈழத்துத் தமிழ்ப் படங்கள் சிலவற்றின் சுருள்களும் இன்று அழிந்துபோயின. அவற்றைக் குறித்து அன்று பார்த்தோர் சொன்னவையும் எழுதியவையுமே எஞ்சி நிற்கின்றன. "நல்ல படம்", "காசு நட்டம்" என்ற அளவில் அவர்கள் நின்றிருப்பின், பின்வந்தோர்க்கு அதிலிருந்து அறியக்கூடியது ஒன்றுமில்லை. எந்தக் காட்சி நெஞ்சைத் தொட்டது, எவ்விடத்தில் நடிப்புப் பொய்த்தது, எப்பாட்டு வேண்டாதிருந்தது என்று கூறிவைத்தவரின் சொல்லோ இன்றும் பயன்படுகின்றது. ஆகவே, "படம் எப்படி?" என்று இனி ஒருவர் கேட்குமிடத்து, விடையோடு ஒரு காரணத்தையும் சேர்த்துக் கூறுதல் பார்வையாளன் கலைக்குச் செய்யத்தக்க சிறு தொண்டாகும்.