வைட்டமின் டி காப்பது எதை?

வைட்டமின் டியை எலும்புச் சத்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அது முதலில் காப்பது எலும்பை அல்ல, ரத்தத்தில் ஓடும் கால்சியத்தின் அளவை. வெயிலின் புற ஊதா பி கதிர்கள் தோலில் பட்டதும் உருவாகும் டி3க்குத் தானாக இயங்கும் ஆற்றல் அநேகமாகக் கிடையாது. கல்லீரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் மறுமுறையும் மாறிய பிறகுதான் அது கால்சிட்ரையால் என்ற ஹார்மோன் ஆகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வெயில் மட்டும் போதாமல் போவதும், கால்சிட்ரையாலையே மருந்தாகக் கொடுக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

இந்த ஹார்மோனின் முக்கியக் களம் சிறுகுடல். அது குறைந்தால் உணவிலுள்ள கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதமே உடலில் சேரும். போதுமானபடி இருந்தால் 30 சதவீதத்துக்கு மேல் சேரும். சேர்வது குறையும்போது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு, எலும்பைக் கரைத்தாவது ரத்தத்துக்குக் கால்சியம் வரவழைக்கின்றன. அந்த வேலையில் கால்சிட்ரையாலும் கூட்டுச் சேர்கிறது என்பதுதான் வியப்பு. இதயமும் நரம்பும் தசையும் கால்சியம் சரிந்தால் தாங்காது, எலும்பு காத்திருக்கும். கால்சிட்ரையாலை உணரும் ஏற்பி இல்லாதபடி மரபணு நீக்கிய சுண்டெலிகளுக்கு எலும்பு நோய் வந்தது. கால்சியம், பாஸ்பரஸ், லாக்டோஸ் மிகுந்த தீனி கொடுத்ததும் அதே எலிகளின் எலும்பு பெருமளவு தேறியது. எலும்புக்கு வரும் நன்மையில் பெரும்பகுதி குடல் வழியாகவே வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

நோய் எதிர்ப்பு அணுக்களிலும் தசையிலும் கணையத்திலும் இதே ஏற்பி இருக்கிறதே, அப்படியானால் மாத்திரை எல்லா நோயையும் தடுக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் வைட்டல் ஆய்வு 25,871 பேரிடம் இதைச் சோதித்தது. தினம் 2,000 யூனிட் டி3 எடுத்தவர்களுக்குப் புற்றுநோயோ மாரடைப்போ புதிதாக வருவது குறையவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை. தன்னுடல் தாக்கு நோய்கள் மட்டும் ஏறக்குறைய 22 சதவீதம் குறைந்தன. ஆகவே மற்ற உறுப்புகளில் பயனே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. ஆய்வில் சேர்ந்த பெரும்பாலோருக்குக் குறைபாடே இல்லையே என்பது அடுத்த ஆட்சேபம். அதையும் ஏற்கிறேன். குறை உள்ளவருக்கு இது மருந்து. குறை இல்லாதவருக்கு மேலும் ஊற்றுவதால் எலும்புகூட வலுப்பதில்லை என்பதே அதன் பொருள். நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் 60,000 யூனிட் பாக்கெட், குறைபாடு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் வாரம் ஒன்றாகச் சில வாரங்களுக்கு எழுதித் தரப்படுவது. அதைத் தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலும் வரும். சிறுநீரகத்தில் கல் சேரும், சிறுநீரகமே பழுதாகலாம். கொழுப்பில் தங்கும் சத்து என்பதால், மருந்தை நிறுத்திய பிறகும் அந்த ஏற்றம் வடியப் பல வாரங்கள் பிடிக்கும்.