ஏரிக்கரை வரை நாயோடு

சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில், இராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே, வழிப்போக்கர் தங்கிச் சென்ற சத்திரத்தின் பெயரால் வழங்கும் புதுச்சத்திரத்தில் நின்று கிழக்கே பார்த்தால், பெருமாள் கோயிலைத் தலையில் தாங்கிய நைனாமலையும், அதற்கு அப்பால் நீண்ட சுவர்போல் எழுந்து நிற்கும் கொல்லிமலையும் தெரிகின்றன. மலைகளுக்கும் சாலைக்கும் இடைப்பட்ட சமவெளியில், மழைக்காலத்தில் நிறைந்து கோடையில் மேய்ச்சல் நிலமாகிவிடும் ஏரிகள் பரவியுள்ளன. காடும் ஏரியும் இவ்வாறு ஒரே பார்வைக்குள் அடங்கும் நிலப்பகுதி, வளர்ப்பு நாயை உடன் அழைத்துக்கொண்டு நெடுந்தொலைவு நடக்க விரும்புவோருக்கு இயல்பாகவே ஆசையைத் தூண்டும். ஆனால் அந்த ஆசை எந்த இடம் வரை செல்லலாம், எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பது நாயின் நலத்தையும் காட்டின் நலத்தையும் ஒருங்கே எண்ணிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய ஒன்று.

காடும் ஏரியும் ஊரும் வயலும் கலந்த நிலத்தைப் பாதுகாத்து, மக்கள் நடந்து மகிழவும் அதைத் திறந்துவைக்கும் ஏற்பாட்டை ஐரோப்பாவில் இயற்கைப் பூங்கா என்கிறார்கள். ஜெர்மனியில் மட்டும் இத்தகைய பூங்காக்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை இருப்பதோடு, அந்நாட்டு நிலப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமான இடம் அவற்றுக்குள் அடங்குகிறது. நாய்களை வரவேற்கும் நாடுகள் என்று பெயர் பெற்றவற்றிலும் அந்த வரவேற்புக்கு ஒரு வார் கட்டப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். வார் என்பது நாயின் கழுத்துப்பட்டையில் கோத்து, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொள்ளும் தோல் பட்டை அல்லது கயிறு. பின்லாந்தின் தேசியப் பூங்காக்களில் நாயை வாரிலிருந்து அவிழ்த்துவிட அனுமதி இல்லை. அமெரிக்காவின் அக்கேடியா தேசியப் பூங்கா நாய்களுக்கு இணக்கமானது என்று புகழ்பெற்றிருந்தும், அங்கே வாரின் நீளம் 6 அடியைத் தாண்டக் கூடாது. அந்நாட்டின் பிற தேசியப் பூங்காக்கள் பலவற்றில் காட்டுப் பாதைகளில் நாய் கால்வைக்கவே இடமில்லை.

தமிழ்நாட்டில் இக்கேள்விக்குச் சட்டம் ஓரளவு தெளிவாகவே விடை சொல்கிறது. மலைகளின் சரிவுகளில் பெரும்பகுதி காப்புக்காடு, அதாவது அரசு எல்லை குறித்து அறிவித்துத் தன் பொறுப்பில் வைத்துள்ள காடு. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் அனுமதியின்றி அதற்குள் நுழைவதையே குற்றமாக்குகிறது. தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் அதே ஆண்டில் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைப் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்துவைத்தது. மனிதரின் காலடியையே எண்ணி, கணக்கிட்டு, துணையோடு அனுப்பும் இந்த ஏற்பாட்டின் உள்நோக்கம், காட்டுக்குள் கட்டுப்பாடற்ற எதுவும் நடமாடக் கூடாது என்பதே.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லை வரையறுக்கும் விதம் நாய் வளர்ப்போர் அறிந்திருக்க வேண்டியது. கொல்வதும் கண்ணி வைப்பதும் மட்டுமல்லாமல், விலங்கைத் துரத்துவதும், ஓட்டிச் செல்வதும், அவ்வாறு செய்ய முயல்வதும் அந்தச் சொல்லுக்குள் அடங்குகின்றன. புதரிலிருந்து துள்ளிய முயலின் பின்னால் நாயை ஏவிவிட்டு அது ஓடும் அழகைப் பார்த்து நிற்பவர், முயல் தப்பிவிட்டாலும், தாம் எதையும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது.

இதைச் சொல்வது நாய்க்கும் மலைக்கும் உள்ள பழைய உறவை மறுப்பதற்காக அன்று. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி சங்கப் பாடல்களில் பெரும் வேட்டைக்காரனாகவே போற்றப்படுகிறான். ஞமலி என்ற பழஞ்சொல்லால் நாயைக் குறித்த அந்த இலக்கியத்தில் வேட்டையும் நாயும் பிரியாமல் வருகின்றன. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல், அதாவது சண்டையில் இறந்த வீரனுக்காக நட்ட கல், மாடுபிடி சண்டையில் மாண்ட வீரனின் அருகில் ஒரு நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், இரண்டு கள்வர்களைக் கடித்து அது காவல் நின்ற செய்தியையும் பொறித்து வைத்திருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய மண் இது என்பதில் பெருமைப்பட எல்லா நியாயமும் உண்டு. அந்த நாய்களின் வழிமரபாகப் போற்றத்தக்க சிப்பிப்பாறை, கன்னி, இராசபாளையம், கோம்பை ஆகிய இனங்கள் இன்று மீண்டும் விரும்பி வளர்க்கப்படுகின்றன. இவற்றுள் சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வை வேட்டை நாய்கள். மோப்பத்தைத் தொடர்ந்து போகாமல், அசையும் இரையைக் கண்ட கணத்தில் பாய்ந்து ஓடுபவை. பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்த்த இந்தக் குணத்தை ஓர் அதட்டலால் நிறுத்திவிடலாம் என்று எண்ணி வாரை அவிழ்ப்பது, நாயின் மேல் நியாயமற்ற சுமையை ஏற்றுவதாகும்.

காட்டுக்கு நாயால் நேரும் கேடு கடிப்பதோடு முடிவதில்லை. நாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர் என்ற நச்சுயிரி நோய், காய்ச்சலும் கண்மூக்கு ஒழுக்கும் வலிப்பும் தந்து கொல்வது. அது பூனைக் குடும்பத்து விலங்குகளையும் தாக்கும். ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் 1994ஆம் ஆண்டு இந்நோய் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கை அழித்தது. குஜராத்தின் கிர் காட்டில் 2018இல் சில வாரங்களுக்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, ஆய்வுக்கு உட்பட்டவற்றில் இதே நச்சுயிரி கண்டறியப்பட்டது. இந்தியாவில் நாய்களால் தாக்கப்படும் காட்டுயிர்கள் பற்றி 2017இல் வெளியான ஓர் ஆய்வு 80 இனங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் 31 இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பவை. இத்தாக்குதல்களில் பெரும் பங்கு ஊர் நாய்களாலும் தெரு நாய்களாலும் நேர்ந்தது என்று வீட்டு நாய் வளர்ப்போர் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் ஆஸ்திரேலியாவின் சிட்னி அருகே நடந்து 2007இல் வெளியான ஆய்வொன்று, வாரில் கட்டி அழைத்துச் சென்ற நாய்களே காட்டுப் பறவை இனங்களின் எண்ணிக்கையை 35 விழுக்காடும், பறவைகளின் மொத்தத் தொகையை 41 விழுக்காடும் அந்த நேரத்துக்குக் குறைத்துவிட்டதைக் காட்டியது. பறவைக்கு நாய் என்பது கொன்று தின்னும் விலங்கு. நாய் வாரில் வருகிறதா என்று பார்த்துப் பறவை பறப்பதில்லை.

நாய்க்கும் காடு பாதுகாப்பான இடம் அன்று. மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில், காடே இல்லாத வேளாண் நிலத்தில் வாழும் சிறுத்தைகளின் உணவை ஆராய்ந்தபோது, எடைக் கணக்கில் அதன் 39 விழுக்காடு நாய்களாகவே இருந்தது தெரியவந்தது. மலையடிவாரத்துக் காட்டுப்பன்றி நாயின் வயிற்றைக் கிழித்துவிடக் கூடியது. முள்ளம்பன்றியை முகர்ந்த நாய் முகமெல்லாம் முள்ளோடு திரும்பும். பாறை இடுக்கில் மூக்கை நுழைக்கும் பழக்கம் கண்ணாடிவிரியனின் கடிக்கு நேரே கொண்டுபோய் விடும். நைனாமலைப் படிக்கட்டு காட்டைவிடப் பழகிய பாதைதான் என்றாலும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் கூட்டமாக ஏறும் அடியார்களின் வழி அது என்பதால், அங்கும் நாய்க்கு இடம் கேட்பது பொருந்தாது.

எஞ்சுவது ஏரிக்கரை, அதுவே இந்த வட்டாரத்துக்கு இயல்பாக அமைந்த இயற்கைப் பூங்கா. சமவெளியின் ஏரி என்பது தானாக உண்டான நீர்நிலை அன்று. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மண்கரை எழுப்பி, மழைநீரைத் தேக்கி, மதகு எனப்படும் திறப்பின் வழியே வயலுக்கு விட்டு, மிகுந்த நீரைக் கலிங்கு எனப்படும் கல் வழிந்தோடி மூலம் அடுத்த ஏரிக்கு அனுப்பும் அமைப்பு. கரையின் உச்சி வண்டி போகும் அகலத்துக்கு அமைந்திருப்பதும், பனையும் வேம்பும் புளியும் நிழல் தருவதும், ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் ஆயக்கட்டு வயலும், அதாவது அந்த ஏரி பாயும் நிலமும் விரிந்து கிடப்பதும் நடப்பவருக்கு வாய்த்த நன்மைகள். நாமக்கல்லை அடுத்த தூசூர் ஏரியும், எருமப்பட்டிப் பக்கத்துப் பழையபாளையம் ஏரியும் பறவை பார்ப்போர் தேடிவரும் இடங்கள் என்பது, இந்த ஏரிகள் பாசனத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதைக் காட்டும்.

ஆனால் ஏரிக்கும் தன் ஒழுங்கு உண்டு, அதை ஆட்காட்டிக் குருவியைக் கொண்டே விளக்கிவிடலாம். வேற்றாள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுப்பதால் அப்பெயர் பெற்ற இப்பறவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. நீர் வற்றிய ஏரியின் ஓரத்தில், வெறும் தரையில் சிறு பள்ளம் பறித்து, கூழாங்கல்லும் ஆட்டுப் புழுக்கையும் சுற்றிவைத்து, மண்ணின் நிறத்திலேயே பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடுகிறது. இதன் இனப்பெருக்கக் காலம் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை நீள்வதால், அடைகாக்கும் நாட்கள் சேலம், நாமக்கல் பக்கத்துக் கொடும் வெயிலில் விழுகின்றன. அப்போது பறவை முட்டைக்குச் சூடு தருவதைவிட நிழல் தருவதிலேயே முனைகிறது. அருகிலுள்ள நீரில் வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளின்மேல் அமர்ந்து அவற்றைக் குளிர்விக்கிறது. அந்த வேளையில் நாயொன்று பக்கத்தில் அலைந்தால், பறவை எழுந்து தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. நாய் முட்டையைத் தொடவே இல்லையென்றாலும், பறவை திரும்பும்வரை முட்டைகள் வெயிலில் வெந்துகொண்டிருக்கும். இந்தக் கத்தலைக் கேட்டு நாய் விளையாடுகிறது என்று சிரிப்பவர், கேட்பது ஒரு தாயின் பதற்றம் என்று அறிந்தால் வாரைச் சுருக்கிப் பிடிக்காமல் இருக்க மாட்டார்.

கழிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தின் கெந்த் நகரை ஒட்டிய காப்பிடங்களில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு, நாய்களின் மலமும் சிறுநீரும் ஆண்டுக்கு ஒரு ஹெக்டேருக்கு 11 கிலோ நைட்ரஜனையும் 5 கிலோ பாஸ்பரசையும் மண்ணில் சேர்ப்பதாக மதிப்பிட்டது. பாஸ்பரஸ் மிகுந்தால் நீரில் நீலப்பசும்பாசி பெருகும்; பச்சைச் சாயம் கரைத்ததுபோல் தெரியும் அந்தப் பாசியில் சில வகைகள் நஞ்சை உண்டாக்குவதால், அந்நீரைக் குடித்த நாயும் ஆடும் ஒருசேர மடிய நேரும். ஆகவே மலத்தை அள்ளி எடுத்துச் செல்வது நகரத்து நாகரிகம் என்று ஒதுக்கத் தக்கதன்று. உண்ணிக்காக முதுகில் சொட்டு மருந்து விட்ட நாயைச் சில நாட்களுக்கு ஏரியில் இறங்கவிடாமல் தடுப்பதும் அதே அளவுக்குத் தேவை. இம்மருந்துகளில் உள்ள பிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இங்கிலாந்து ஆறுகளில் எடுத்த நீர் மாதிரிகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இருந்ததை 2020இல் வெளியான ஆய்வு வெளிப்படுத்தியது.

ஏரிப் புறம்போக்கு, அதாவது தனியாருக்கு உரிமையில்லாத பொதுநிலம், ஆடு மேய்ப்போரின் வாழ்வாதாரம். அண்டையிலுள்ள ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் தெரு நாய்கள் பட்டிபட்டியாக ஆடுகளைக் கடித்துக் கொன்றதால் உழவர்கள் இழப்பீடு கேட்டுப் போராடிய நினைவு இன்னும் ஆறவில்லை. இழப்பைக் கண்டவருக்கு அவிழ்த்துவிட்ட எந்த நாயும் அச்சமே. மந்தையைக் கண்டதும் கரையோரம் ஒதுங்கி, நாயை உட்காரவைத்து, ஆடுகள் கடந்துபோன பின் நடப்பதுதான் இந்தப் பகுதியில் நாய் வளர்ப்பவர் காட்ட வேண்டிய முதல் மரியாதை.

வெயிலைப் பொறுத்தவரை, நாய்க்கு மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. பாதத்தில் சிறிதே வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதாலேயே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. உடல்வெப்பம் 41 டிகிரி செல்சியசைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. புறங்கையைத் தரையில் சில நொடிகள் வைக்க முடியாத அளவுக்கு மண் சுட்டால் நாயின் பாதமும் அங்கே வெந்துபோகும் என்பதால், சித்திரை, வைகாசி மாதங்களில் சூரியன் ஏறுமுன் நடை முடிந்துவிட வேண்டும். வெறிநாய்க்கடிக்கும் டிஸ்டெம்பருக்கும் எதிரான தடுப்பூசிகளைத் தவணை தவறாமல் போட்டபிறகே நாயைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி நாமக்கல்லிலேயே இருப்பதால், இதற்கு வெகுதூரம் அலைய வேண்டியதும் இல்லை. நடை முடிந்ததும் காது மடலிலும் விரலிடுக்கிலும் ஊசிப்புல்லும் உண்ணியும் இருக்கின்றனவா என்று தடவிப் பார்ப்பது, வீட்டுக்குள் நுழையுமுன் செய்ய வேண்டிய வேலை.

40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரிகள் வழக்கமாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளவை. எனவே புதுச்சத்திரம் ஒன்றியம் தன் பொறுப்பிலுள்ள ஏரிகளில் ஒன்றைத் தேர்ந்து, வார் கட்டிய நாய்களோடு நடப்பதற்கான கரை என அறிவித்து, இரு முனைகளிலும் பலகையும் கழிவுத் தொட்டியும் வைப்பது பெருஞ்செலவில்லாமல் முடியக்கூடிய செயல். நீர் நிறைந்து நிற்கும் கார்த்திகையிலிருந்து மாசி வரை கரையின் உச்சிப் பாதையை அதற்கு ஒதுக்கலாம். நீர் இறங்கி ஓரத்துத் தரை வெளிப்படும் பங்குனியில், நடையை வயல் பக்கத்து வெளிச்சரிவின் அடியில் ஓடும் வண்டித்தடத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஆவணி கழிந்து, கடைசி ஆட்காட்டிக் குஞ்சும் சிறகு முற்றிப் பறந்த பிறகு, உச்சிப் பாதையை நாய்களுக்கு மீண்டும் திறந்துவிடலாம்.