மாணவர் எழுதும் வாழ்க்கை வரலாறு

வாழ்க்கை வரலாறு எழுதுமாறு மாணவரைப் பணித்தால், பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது புகழுரையே. பெயரை நீக்கி, அவ்விடத்தில் வேறொரு பெரியவரின் பெயரை இட்டாலும் கட்டுரை பொருந்திவிடும். இதற்கு மாணவரை மட்டும் குறைகூற இயலாது. பாராட்டு மேடையின் தமிழையே நாம் அவர்களுக்கு மாதிரியாகக் காட்டி வந்துள்ளோம்.

தமிழவேள் கோ. சாரங்கபாணியை எடுத்துக்கொள்வோம். 1903இல் திருவாரூரில் பிறந்தார், 1924இல் சிங்கப்பூர் வந்தார், 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார், 1974இல் மறைந்தார். இவை எலும்புகள். 1924க்கும் 1935க்கும் இடையில் நிகழ்ந்தது என்ன என்று கேட்கும்போதுதான் வரலாறு தொடங்குகிறது. 1929இல் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1932இல் இங்குத் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. இவ்விரண்டையும் அறியாதவருக்குத் தமிழ் முரசு ஏன் பிறந்தது என்பது விளங்காது. தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வைத்துள்ள பழைய இதழ்களை மாணவர் புரட்டிப் பார்க்கலாம். தலையங்கத்தோடு விளம்பரங்களையும் படிக்க வேண்டும்.

எனினும், தலைவர்களைவிட வீட்டிலுள்ள பாட்டியைப் பற்றி எழுதுவதே மாணவருக்கு நல்ல பயிற்சி என்பது எம் கருத்து. “உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால், “என்னத்தைச் சொல்ல?” என்பார். “முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்?” என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். முதியோர் ஆண்டைச் சொல்லமாட்டார்கள். “புக்கிட் ஹோ சுவீயில் தீப்பிடித்தபோது” என்பார்கள். அது 1961 என மாணவர் கண்டறிந்து குறிக்கட்டும். பாட்டியின் தொடரையும் விட்டுவிட வேண்டா. அவர் “கம்பத்து வீடு” என்றால் அதனைச் “சிற்றூர் இல்லம்” என்று திருத்துவது மொழித்தூய்மை ஆகாது. ஒரு சான்றை அழிப்பதாகும்.

இங்கு இலக்கணம் ஒன்று நமக்குத் துணைநிற்கிறது. “தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தாராம்” என்பதிலுள்ள ‘ஆம்’, சொல்பவர் அதனை நேரில் காணவில்லை என்பதை உணர்த்துகிறது. எழுத்துத் தமிழுக்கு மாற்றும்போது மாணவர் அதனை உதறிவிட்டு “வேலை பார்த்தார்” என்று எழுதிவிடுகின்றனர். கேள்விப்பட்ட செய்தி ஓரெழுத்தும் ஒரு மெய்யும் விடுபட்டதும் உண்மையாகிவிடுகிறது! “பார்த்ததாகப் பாட்டி கூறுகிறார்” என்று எழுதுவது சற்று நீளம்தான்; ஆயினும் அதுவே நேர்மை. அவ்வாறே, ‘அவதரித்தார்’ என்பதைக் கடவுளருக்கு விட்டுவிட்டுப் ‘பிறந்தார்’ என்று எழுதுவோம்.

எழுதி முடித்ததும் பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். பாதியில் நிறுத்தி, “அப்படி இல்லை” என்பார். எழுதுகோலை அப்போது கையிலேயே வைத்திருப்பது நல்லது. முதல் முறை கூறாமல் விட்டதை அவர் பெரும்பாலும் அந்நேரத்தில்தான் கூறுவார்.