பிளாஸ்மா சிகிச்சையா? முதலில் பயாப்சி!

தோலில் வந்த புற்றுக்கட்டியைக் கத்தி வைக்காமல், தழும்பில்லாமல் பிளாஸ்மாவால் கரைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஆய்வு நடப்பது உண்மை. அது நிலைபெற்ற சிகிச்சையாக இன்னும் வந்து சேரவில்லை.

இது ரத்தத்திலிருந்து பிரிக்கும் பிளாஸ்மா அல்ல. ஆர்கான், ஹீலியம் போன்ற வாயுவில் மின்சாரம் பாயும்போது உண்டாகும் ஒளிரும் நிலை. மருத்துவத்துக்கான ‘குளிர் பிளாஸ்மா’ ஏறக்குறைய உடல் சூட்டில்தான் இருக்கும். அதில் பிறக்கும் வீரியமிக்க ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்மங்கள் செல்களைத் தாக்குகின்றன. புற்றுச் செல்கள் பல, நல்ல செல்களைவிட எளிதில் இதற்கு மடிவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன.

ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் உருவான ‘கின்பென் மெட்’ கருவி 2013-இல் ஐரோப்பியச் சான்று பெற்றது. ஆனால், அது ஆறாத புண்களுக்கும் கிருமித்தொற்றுள்ள தோல் நோய்களுக்கும்தான். அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019-இல் அனுமதித்த முதற்கட்டச் சோதனையிலும், அறுவை முடிந்த இடத்தில் எஞ்சியிருக்கக்கூடிய செல்கள் மீதே பிளாஸ்மா பாய்ச்சப்பட்டது. அறுவைக்கு மாற்றாக அல்ல.

ஆபத்து எங்கே?

அழகு நிலையங்களின் ‘பிளாஸ்மா பென்’ வேறு சரக்கு. அது தோலைச் சூட்டால் பொசுக்குகிறது. பரிசோதிக்காத மச்சத்தைப் பொசுக்கினால், பயாப்சி எனும் திசுப் பரிசோதனைக்கு எதுவும் மிஞ்சாது. அந்த மச்சம் மெலனோமா எனும் கொடிய தோல் புற்றாக இருந்தால், மேலே ஆறியதுபோல் தெரியும்போதே உள்ளே பரவிக்கொண்டிருக்கலாம். நம் நிறத்தவருக்கு மெலனோமா உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரலாம். பழைய தீக்காயத் தழும்பில் ஆறாமல் கிடக்கும் புண்ணும் புற்றாக மாறலாம். ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலான தோல் புற்றுநோய்கள் அறுவையிலேயே குணமாகின்றன.

உங்கள் உரிமைகள்

• நோய் என்ன, மாற்றுச் சிகிச்சை என்ன, பக்கவிளைவு என்ன என்று கேட்டறிந்த பிறகே கையெழுத்திடலாம். இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்கலாம்.

• சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

• ‘ஆய்வு’ என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

ஏமாந்தால்?

புற்றுநோயைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர சிகிச்சைகள் சட்டம் தடுக்கிறது. மருத்துவர் மீதான புகாரைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் கொடுக்கலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்த சேவையில் குறை என்றால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுங்கள். வழிகாட்டுதலுக்கு 1915-ஐ அழைக்கலாம். ரசீது, மருந்துச் சீட்டு, விளம்பரப் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

வடிவமோ நிறமோ மாறும் மச்சம், ஒரு மாதமாகியும் ஆறாத புண் இருந்தால் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போங்கள். பயாப்சி முடிவு கைக்கு வரும்வரை எந்தக் கருவியையும் அதன்மேல் வைக்க விடாதீர்கள்.