சிலுவை வீரர் சபையும் யாழ்ப்பாணமும்

போர்த்துக்கேயர் கீழைத்தேசம் வந்தமைக்குக் காரணம் கேட்டால், மாணவர் பலர் வாசனைத் திரவிய வர்த்தகத்தை மட்டும் எழுதி விடுகின்றனர். சமய நோக்கத்தையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். அந்நோக்கம் எங்கிருந்து வந்தது?

சிலுவை யுத்த காலத்தில், 1119 அளவில், ஜெருசலேமில் தெம்பிளார் சபை தோன்றியது. இதன் உறுப்பினர் துறவு விரதம் பூண்ட போர்வீரர் ஆவர். 1312 இல் பாப்பரசர் இதனைக் கலைத்தார். போர்த்துக்கல்லில் அதற்கிருந்த சொத்துக்களைக் கொண்டு 1319 இல் கிறிஸ்து சபை நிறுவப்பட்டது. 1420 இல் இதன் நிருவாகியான இளவரசர் ஹென்றி, சபையின் வருமானத்தைக் கடற்பயணங்களுக்குச் செலவிட்டார். கப்பற் பாய்களில் சபையின் செஞ்சிலுவை பொறிக்கப்பட்டது.

1505 இல் இலங்கையை அடைந்த போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். தளபதி பிலிப் டி ஒலிவேரா 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். நாம் இன்று வழிபடும் கோயில் பின்னர் எழுந்ததாகும். இவ்வழிவை வர்த்தக நோக்கால் மட்டும் விளக்க முடியாது.

கவனிக்க: இலங்கைக்கு வந்த போர்த்துக்கேய வீரர் யாவரும் கிறிஸ்து சபையினர் என எழுதுவது பிழை. சபையின் நிதியும் சிலுவை யுத்த மனப்பாங்குமே இங்கு எடுத்துக்காட்ட வேண்டிய தொடர்பாகும்.