ஆயிரம் ரூபாய் நின்றுவிடுமா?

சென்ற ஆண்டு பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் ஒரு தாய் மட்டும் வகுப்பறை வாசலில் தயங்கி நின்றார். அவருடைய மகள் அப்போது ஏழாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. அருகில் சென்று விசாரித்தேன்.

"டீச்சர், அம்பையில ஜவுளிக்கடையில எனக்குச் சோலி கெடைக்கும் போல இருக்கு. மாசம் எட்டாயிரம் தாராங்களாம். போகலாமா வேண்டாமான்னு ரோசனையா இருக்கு. சம்பளம்னு ஒண்ணு வந்துட்டா ஆயிரம் ரூவா நின்னுரும்லா? பிள்ளையளுக்கு வார பணமும் நின்னுருமோ?"

ஆயிரம் ரூபாய்க்காக எட்டாயிரம் ரூபாய் வேலையை யாராவது விடுவார்களா என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. வீட்டிற்குப் போகும் வழியில் யோசித்தபோது அவர் கேள்வியில் இருந்த நியாயம் புரிந்தது. கடை முதலாளி எந்த மாதம் வேண்டுமானாலும் 'நாளை முதல் வர வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். மகளிர் உரிமைத் தொகை மாதம் தவறாமல் வங்கிக் கணக்கில் ஏறிவிடுகிறது. நிச்சயமாக வருவதை விட்டுவிட்டு நிச்சயமில்லாததை நம்பி இறங்க ஏழைக் குடும்பம் அஞ்சுகிறது. இதைச் சோம்பல் என்று சொல்வது தவறு. விழுந்தால் தாங்க ஆளில்லாதவர்களின் முன்யோசனை இது.

அரசு உதவியில் வாழும் ஒரு குடும்பம் சொந்தக் காலில் நிற்கும் நிலைக்கு எப்படி நகர்கிறது, அதில் ஆசிரியரின் பங்கு என்ன என்று அன்று முதல் யோசிக்கத் தொடங்கினேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம்

மறுநாள் அந்தத் தாயும் நானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். அவர் பல ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறவர். வீட்டு வேலைகளுக்கிடையே சுற்றினால் வாரம் சுமார் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். கணவர் சுமை தூக்கும் தொழிலாளி. வேலை உள்ள மாதம், இல்லாத மாதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மாதத்திற்குச் சராசரியாக 9,000 ரூபாய்.

மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டபோது குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய் என்று வகுக்கப்பட்டது. நன்செய் 5 ஏக்கருக்கும் புன்செய் 10 ஏக்கருக்கும் மிகக் கூடாது, ஆண்டு மின் நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பவை மற்ற சில நிபந்தனைகள். கணவரின் வருமானம் ஆண்டுக்கு 1,08,000, கடைச் சம்பளம் 96,000, ஆக மொத்தம் 2,04,000 ரூபாய். வரம்புக்குள்தான் வருகிறது. வேலைக்குப் போனால் ஆயிரம் ரூபாய் நிற்காது.

நியாய விலைக் கடை அரிசி பற்றியும் கேட்டார். தமிழ்நாட்டில் பொது விநியோகத் திட்டம் அனைவருக்குமானது. ஒரு பெண் வேலைக்குப் போய்விட்டார் என்பதற்காக அரிசி நின்றுவிடுவதில்லை. வறுமைக்கோட்டைத் தாண்டினால் உணவே போய்விடும் என்ற அச்சம் நம் ஊர்க் குடும்பங்களுக்கு இருக்க வேண்டியதில்லை. இது சாதாரண விஷயமல்ல.

ஆனால் ஓர் உதவி உண்மையிலேயே நின்றுவிடும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் வழங்கும் கல்வி உதவித்தொகையைப் பெற, பெற்றோரில் ஒருவராவது அந்தத் தொழிலில் இருக்க வேண்டும். நான்காம் வகுப்புக்கு ஆண்டுக்கு 1,000, ஏழாம் வகுப்புக்கு 1,500 என்று இரு பிள்ளைகளுக்கும் சேர்த்து 2,500 ரூபாய். அதையும் தாளில் எழுதினோம். பீடியில் வருவது மாதம் நாலாயிரம், கடையில் வரப்போவது எட்டாயிரம். ஆண்டுக்குக் கூடுவது 48,000 ரூபாய், குறைவது 2,500. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போக்குவரத்துச் செலவும் இல்லை.

இன்னொன்றையும் சொன்னேன். பீடி வேலையை விட்டதும் பலர் முதலில் செய்வது வருங்கால வைப்பு நிதியை மொத்தமாக எடுத்துவிடுவது. ஓய்வூதியம் கிடைக்கப் பத்தாண்டுச் சேவை தேவை. ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரையிலான சேவைக்காலம் கணக்கில் வராது. புதிய இடத்திலும் வைப்பு நிதி பிடித்தம் உண்டென்றால் பழைய கணக்கை அதற்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

அரை மணி நேரத்தில் முடிந்த கணக்கு இது. இதைச் சொல்ல ஆளில்லாமல், பக்கத்து வீட்டில் கேட்ட வதந்தியை வைத்தே அவர் முடிவெடுக்க இருந்தார்.

உழைப்பு இருக்கிறது, உடைமை இல்லை

நம் பகுதியில் பீடி சுற்றும் பெண்களின் உழைப்பை நாம் தினமும் பார்க்கிறோம். மடியில் தட்டுடன் காலையில் உட்கார்ந்தால் இருட்டும் வரை கை ஓயாது. ஆனால் இலையும் தூளும் கடைக்காரர் கொடுப்பவை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. தரம் சரியில்லை என்று கழிப்பதும் அங்கேதான். எத்தனை ஆண்டு சுற்றினாலும் தொழிலாளியின் கையில் சொந்தமாக ஒரு கருவியோ ஒரு கையிருப்போ சேர்வதில்லை.

பக்கத்திலுள்ள பத்தமடையில் பாய் நெய்யும் குடும்பங்களைப் பாருங்கள். புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது. அங்கும் கோரையைச் சொந்தப் பணத்தில் வாங்கி நெய்பவருக்கும், வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு அவர் சொன்ன விலைக்கு நெய்து கொடுப்பவருக்கும் வித்தியாசம் உண்டு. கைத்திறன் ஒன்றேதான். முதல் யாருடையது என்பதில்தான் வேறுபாடு.

விவசாயக் கூலிகளின் நிலை வேறு. கார் நடவு, பிசான அறுவடைக் காலங்களில் கையில் பணம் இருக்கும். இடைப்பட்ட மாதங்களில் அரசின் ஊரக வேலைத் திட்டம் கைகொடுத்தால் உண்டு. இல்லையென்றால் கடன். இந்த மாதங்களை நாட்காட்டியில் குறித்து வைத்து, மாணவர் வருகைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளைகள் வராத நாள்களுக்கான காரணம் பல நேரம் அதிலேயே தெரிந்துவிடும்.

படிப்படியாகத்தான் முடியும்

வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சிறுகடன் திட்டங்களால்கூட எட்ட முடியாத பரம ஏழைகளுக்கானது அது. பசுவோ ஆடோ சம்பாதிக்க உதவும் வேறொரு சொத்தோ முதலில் கொடுத்தார்கள். அது பலன் தரும் வரை சாப்பாட்டுச் செலவுக்குச் சில மாதங்களுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். தொழிற்பயிற்சியும் சேமிப்புப் பழக்கமும் சேர்ந்து வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பணியாளர் அடிக்கடி வீட்டிற்கே வந்து பேசினார். இரண்டு ஆண்டுகளில் திட்டம் முடிந்துவிடும். அதன்பின் குடும்பம் தானாக நடக்க வேண்டும்.

இந்த முறையை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் சோதித்த ஆய்வின் முடிவுகள் 2015-இல் வெளிவந்தன. உதவி நின்று ஓராண்டு கழிந்த பிறகும் அந்தக் குடும்பங்களின் உணவும் வருமானமும் மேம்பட்ட நிலையிலேயே இருந்தன. மேற்கு வங்கத்தில் இதே முறையில் உதவி பெற்ற குடும்பங்களைப் பத்தாண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோதும் பலன் நீடித்திருந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோர் இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள்.

சாப்பாட்டுக்கான உதவியை முதலில் நிறுத்திவிட்டு 'இனி உழைத்துப் பிழை' என்று சொல்வதால் யாரும் முன்னேறுவதில்லை என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். வயிற்றுக்கு உறுதி, சிறு முதல், சேமிப்பு, வழிகாட்ட ஒரு மனிதர் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் கிடைத்த குடும்பமே நகர்கிறது.

தமிழ்நாட்டில் இவற்றில் பல ஏற்கெனவே இருக்கின்றன. 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் வயிற்றுக்கு உறுதி தந்தன. 1989-இல் தருமபுரியில் பன்னாட்டு நிதியுதவியுடன் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் சேமிப்பையும் கடனையும் பெண்களின் கைக்குக் கொண்டுவந்தன. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் இந்த இரண்டும் ஒன்று சேர்ந்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு உணவு கிடைக்கிறது, சமைக்கும் குழுப் பெண்களுக்கு வருமானம் கிடைக்கிறது. நான்காவதான வழிகாட்டும் மனிதர்தான் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைப்பதில்லை. ஊரில் படித்தவர், அரசு நடைமுறை தெரிந்தவர், குடும்பத்தின் நிலை அறிந்தவர், தினமும் கண்ணில் படுபவர் யார் என்று தேடினால் பல ஊர்களில் அது நாம்தான்.

வட்டிக் கணக்கு

முன்னேறத் தொடங்கிய குடும்பத்தைக் கீழே இழுத்துவிடுவது பெரும்பாலும் கடன். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாளாமல் பெற்றோரும் இரு பச்சிளம் குழந்தைகளுமாக ஒரு குடும்பமே தீக்கிரையானது. நம் மாவட்டத்து ஆசிரியர்கள் அதை மறந்திருக்க முடியாது. கந்துவட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது.

ஏழாம் வகுப்புக் கணக்கில் தனிவட்டி இருக்கிறது. நான் இப்போது பாடநூல் கணக்குகளுடன் இதையும் சேர்த்துத் தருகிறேன்: 10,000 ரூபாய்க் கடன், 'பத்து வட்டி', ஓராண்டு. நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் என்றால் மாதம் 1,000. ஓராண்டு வட்டி 12,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். இதே தொகையைச் சுய உதவிக் குழு மூலம் வங்கியில் 7 சதவீத வட்டியில் வாங்கினால் ஓராண்டு வட்டி 700 ரூபாய். அசலையும் மாதாமாதம் அடைத்துவந்தால் இன்னும் குறையும். விடையை எழுதிவிட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கு அன்று மாலையே வீட்டிற்குப் போய்ச் சேர்ந்துவிடும். எந்தப் பிள்ளையிடமும் 'உங்கள் வீட்டில் கடன் இருக்கிறதா?' என்று கேட்பதில்லை. கேட்கவும் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

பெரிய காரியங்கள் எதுவும் இல்லை. நான் செய்து பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

1. சான்றிதழ்களை முன்கூட்டியே எடுக்கச் சொல்லுதல்: வருமானம், சாதி, முதல் பட்டதாரிச் சான்றுகளைக் கடைசி நாளில் இ-சேவை மையத்தில் தேடும் குடும்பங்கள் அன்றைய கூலியையும் இழக்கின்றன. ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு பட்டியல் கொடுத்துவிடலாம். வருமானத்தைக் குறைத்து எழுதச் சொல்ல வேண்டாம். வரம்புகளைச் சரியாகச் சொன்னாலே பலருக்கு அந்த அச்சம் போய்விடும்.

2. வங்கிக் கணக்கைச் சரிபார்த்தல்: உதவித்தொகை வராமல் போவதற்குப் பல நேரம் ஆதார் இணைப்புக் குறைபாடோ பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதோதான் காரணம்.

3. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு: எட்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 வீதம் 48,000 ரூபாய். குடும்ப வருமான வரம்பு 3.5 லட்சம். நன்றாகப் படிப்பவர்களை மட்டும் அனுப்பாமல், தகுதியுள்ள அனைவரையும் எழுத வைக்க வேண்டும்.

4. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம்: அதில் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவரும் இருக்கிறார். குழுவில் சேராத தாய்மார்களை அவரிடம் அறிமுகப்படுத்த ஐந்து நிமிடம் போதும்.

5. பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு: தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரையான மாதங்கள் ஆபத்தானவை. 'சும்மாதான இருக்க' என்று பெண்பிள்ளையின் மடிக்குத் தட்டு வருவதும், பையன் வெளியூர் வேலைக்குப் போவதும் அப்போதுதான். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் உயர்கல்வி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதைத் தேர்வுக்கு முன்பே பெற்றோரிடம் சொல்லுங்கள். மே மாதத்தில் ஒருமுறை தொலைபேசியில் அழையுங்கள்.

6. மரியாதை: விலையில்லாப் பொருள்களை வழங்கும்போதும் உதவித்தொகை விவரம் கேட்கும்போதும் பிள்ளைகளை மற்றவர் முன்னிலையில் எழுப்பி நிறுத்தாதீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. விவரம் சொல்வது நம் வேலை, முடிவெடுப்பது குடும்பத்தின் உரிமை. யாருடைய கடனுக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடவும் வேண்டாம்.

அதன் பிறகு

அந்தத் தாய் வேலைக்குப் போனார். என் கணக்கில் நான் எழுதத் தவறிய ஒன்று முதல் மாதத்திலேயே தெரிந்தது. மகனுக்குக் காய்ச்சல் வந்தது. தாய் விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள். அதனால் மகள் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. பீடி சுற்றியபோது தாய் வீட்டிலேயே இருந்தார். அதற்கும் ஒரு மதிப்பு இருந்தது. அதை நாங்கள் கூட்டவில்லை. ஐந்தாம் நாள் அவரை அழைத்துப் பேசினேன். இனி இப்படி நேர்ந்தால் பக்கத்துத் தெருவிலிருக்கும் பெரியம்மா வீட்டில் பையனை விடுவது என்று அவரே ஏற்பாடு செய்துகொண்டார். அதன்பின் நான் மகளின் வருகையைத் தனியாகக் குறித்துவந்தேன்.

இப்போதும் அவர் அதே கடையில்தான் இருக்கிறார். உரிமைத் தொகையும் வந்துகொண்டிருக்கிறது. அதை அப்படியே அஞ்சலகத் தொடர் வைப்பில் போடுகிறார். மகள் இந்த ஆண்டு எட்டாம் வகுப்பு. போன வாரம் வருமானச் சான்றிதழை நான் கேட்பதற்கு முன்பே கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "அம்மா கொடுத்துவிட்டாங்க டீச்சர். பரீட்சைக்கு எழுதிப் போடணும்லா?" என்றாள்.